யாரும் உள்நுழையாத கணினியில் ஒரு பில்ட்

நிரலில் மாற்றம் வரும்போதெல்லாம் அதைத் தானாகத் தொகுத்துச் சோதித்துப் பார்க்கும் பழக்கத்துக்குத் தொடர் ஒருங்கிணைப்பு என்று பெயர்; அப்படி ஒரு முறை தொகுத்துச் சோதிப்பது ஒரு பில்ட். அந்த வேலையைச் செய்யும் சர்வரான ஜென்கின்ஸைத் தொடங்குவது மிக எளிது. ஒரே ஒரு வார் கோப்பை (ஜாவா நிரல் பொதியை) பதிவிறக்கி, டெர்மினலில் ஜாவாவிடம் கொடுத்தால் போதும். சற்று நேரத்தில் 8080-ஆம் போர்ட்டில் எழுந்து நிற்கும். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய கோசுகே கவாகுச்சி இதை ஹட்சன் என்ற பெயரில் எழுதி வெளியிட்டபோது, பலரை அதன் பக்கம் இழுத்தது இந்த எளிமைதான். 2001 முதல் புழக்கத்தில் இருந்த குரூஸ்கண்ட்ரோலில் ஒவ்வொரு திட்டத்தையும் எக்ஸ்எம்எல் கோப்பில் கையால் எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. ஹட்சனில் உலாவியைத் திறந்து நாலு பெட்டிகளை நிரப்பினால் வேலை முடிந்தது. ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கிய பிறகு பெயர் உரிமையில் பிணக்கு வந்து, 2011-இல் அது ஜென்கின்ஸ் ஆனது. தொடங்கும் முறை மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த எளிமையின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. நான் இங்கே எழுத விரும்புவது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி: டெர்மினலில் ஓடும் அந்தப் பிராசஸை, யாரும் உள்நுழையாமலே இயங்குதளம் தானே தொடங்கிக் கவனித்துக்கொள்ளும் ஒரு சேவையாக மாற்றும் கட்டம். வழிகாட்டிகள் பலவும் இதை இரண்டு கட்டளைகளில் கடந்துவிடுகின்றன. 'எனேபிள்' கொடுங்கள், 'ஸ்டார்ட்' கொடுங்கள், முடிந்தது. என்னைக் கேட்டால், தொடர் ஒருங்கிணைப்பு சர்வரை அமைக்கும் வேலையில் இதைவிடக் கனமான பகுதி வேறில்லை. இந்த இடத்தில்தான் பில்ட் ஒரு குறிப்பிட்ட மனிதரிடமிருந்து பிரிகிறது.

டெர்மினலில் தொடங்கிய சர்வர், தொடங்கியவரின் நிழலிலேயே வாழ்கிறது. 'நோஹப்' சேர்த்தாலும், ஸ்கிரீன் அல்லது டிமக்ஸ் அமர்வுக்குள் போட்டுவிட்டு வெளியேறினாலும் அந்த நிழல் விலகுவதில்லை. அவருடைய பயனர் பெயர், வேறு கணினிகளோடு பேச அவர் வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச் சாவி, அவர் எப்போதோ பாஷ் அமைப்புக் கோப்பில் சேர்த்த ஒரு வரி, எல்லாமே சொல்லாமல் கொள்ளாமல் பில்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். பில்ட் பச்சையாக, அதாவது வெற்றியாக, வரும்போது, நிரல் சரியாக இருப்பதால் வந்ததா, இவருடைய சூழல் உடனிருப்பதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துச் சொல்வதற்காகவே தொடர் ஒருங்கிணைப்பு என்ற பழக்கம் வந்தது என்பதால், இது எனக்குச் சிறிய குறையாகத் தெரியவில்லை.

லினக்ஸை எடுத்துக்கொள்வோம். இன்று பெரும்பாலான விநியோகங்களில் சேவைகளைப் பார்த்துக்கொள்வது 2010-இல் அறிமுகமான சிஸ்டம்டி. ஒரு சேவைக்கு ஒரு யூனிட் கோப்பு. அதில் எந்தக் கட்டளை, எந்தப் பயனர், எந்த அடைவு, விழுந்தால் என்ன செய்வது, எதற்குப் பிறகு தொடங்குவது என்பவை வரிவரியாக இருக்கும். முதன்முறை பார்ப்பவருக்கு அது வெறும் அமைப்புக் கோப்பு. நான் அதை ஒரு சாட்சியப் பத்திரம்போல் வாசிக்கிறேன். இந்த சர்வருக்கு உண்மையில் என்னென்ன தேவை என்று யாரோ ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கும் இடம் அது. அதில் எழுதாத எதுவும் சர்வருக்குக் கிடைக்கக் கூடாது என்பதே என் ஆசை.

முதலில் பயனர். சேவைக்கென்று தனியாக ஒரு கணினிப் பயனரை உருவாக்க வேண்டும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓடவிடுவது சோம்பல். 80-ஆம் போர்ட் வேண்டும் என்பதற்காகவே ரூட்டாக ஓட்டுகிறவர்கள் உண்டு, ஏனென்றால் 1024-க்குக் கீழுள்ள போர்ட்டுகளைச் சாதாரணப் பயனர் பிடிக்க முடியாது. முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரை வைத்து 8080-க்கு அனுப்பிவிட்டால் அந்தத் தேவையே இல்லை. பில்ட் சர்வர் என்பது மற்றவர்கள் எழுதிய நிரலை அவர்கள் கேட்ட மாத்திரத்தில் ஓட்டிக் கொடுக்கும் கணினி. அதன் வேலையே அதுதான். அப்படிப்பட்ட ஒன்றுக்கு ரூட் அதிகாரம் கொடுப்பது, கமிட் செய்யும், அதாவது நிரலில் மாற்றம் சேர்க்கும், உரிமை உள்ள எல்லோருக்கும் ரூட் அதிகாரம் கொடுப்பதற்குச் சமம். கன்டெய்னர் என்ற தனித்த சூழல்களில் நிரல்களை ஓட்டும் டாக்கரின் பயனர் குழுவில் அந்தப் பயனரைச் சேர்ப்பதும் ஏறக்குறைய இதேதான். டாக்கரின் சாக்கெட்டைத் தொட முடிந்தவர் கணினியின் முழு வட்டையும் ஒரு கன்டெய்னருக்குள் ஏற்றிப் பார்க்க முடியும். வசதிக்காகப் பலரும் சேர்க்கிறார்கள்; தெரிந்து சேர்த்தால் தவறில்லை, தெரியாமல் சேர்க்கக் கூடாது.

அடுத்தது சூழல். தன் வீட்டில் இருட்டிலும் தடுக்காமல் நடக்கிறோம் அல்லவா, நம்முடைய லாகின் சூழலில் நாம் வேலை செய்வதும் அப்படித்தான். எது எங்கே இருக்கிறது என்று யோசிப்பதே இல்லை. சேவைக்கு அந்த வீடு கிடையாது. சிஸ்டம்டி ஒரு பிராசஸைத் தொடங்கும்போது நம் பாஷ் கோப்புகளையோ புரொஃபைல் கோப்புகளையோ படிப்பதில்லை. கட்டளைகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் பாத் மாறியில் அடிப்படையான சில அடைவுகள் மட்டும் இருக்கும். நோடின் பதிப்பை மாற்றித் தரும் கருவி, வீட்டு அடைவுக்குள் நிறுவிய பைத்தான், ஆண்ட்ராய்டு கருவிகள் இருக்கும் இடத்தைச் சொல்லும் மாறி என எல்லாமே காணாமல் போயிருக்கும். "என் டெர்மினலில் ஓடுகிறது, சர்வரில் 'கட்டளை காணப்படவில்லை' என்கிறது" என்ற புலம்பலுக்கு அநேகமாக இதுதான் காரணம்.

இதற்கு ஊகத்தில் மருந்து தேட வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸின் எண்ணைக் கண்டுபிடித்து, புராக் அடைவில் அந்த எண்ணின் கீழ் உள்ள 'என்விரான்' கோப்பைத் திறந்தால், அது தொடங்கியபோது அதன் கையில் கொடுக்கப்பட்ட மாறிகள் அத்தனையும் வரிசையாகக் கிடக்கும். அந்தப் பட்டியலையும் என் டெர்மினலில் 'என்வ்' கட்டளை தரும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. இரண்டுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு வித்தியாசமும் ஒரு கேள்வி. இது பில்டுக்கு உண்மையிலேயே தேவையா? தேவையென்றால் யூனிட் கோப்பில் எழுது, அல்லது பில்டின் நிரலிலேயே எழுது. தேவையில்லை என்றால் விட்டுவிடு.

இதில் தமிழில் எழுதுகிற, தமிழை நிரலில் கையாள்கிற நாம் தனிக் கவனம் வைக்க வேண்டிய ஓர் இடம் உண்டு: மொழியையும் எழுத்துக் குறியாக்கத்தையும் சொல்லும் லாங் என்ற மாறி. நம் டெர்மினலில் அது யூடிஎஃப்-8 என்று சொல்லும். சேவைக்கு அது கொடுக்கப்படாமல் போனால், இயங்குதளத்தின் வெறும் 'சி' லொகேலில் (மொழி, எழுத்து அமைப்பில்) பிராசஸ் எழும்பும். 2022-இல் வந்த ஜாவா 18-க்கு முந்தைய பதிப்புகளில், அந்த நிலையில் கோப்புகளைப் படிக்கும் இயல்புக் குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆக இருக்காது. தமிழ்ச் சொற்களை ஒப்பிடும் சோதனைகள் கேள்விக்குறிகளாக மாறி விழும். ஜாவா 18 முதல் உள்ளடக்கத்துக்கான இயல்பு யூடிஎஃப்-8 ஆகிவிட்டாலும், கோப்புப் பெயர்களைப் பொறுத்தவரை அது இன்னும் லொகேலைத்தான் பார்க்கிறது. தமிழில் பெயரிட்ட மாதிரிக் கோப்பு ஒன்றைத் திறக்கும் சோதனை இருந்தால் இது உடனே தெரியும். அப்படி ஒரு சோதனையை வேண்டுமென்றே வைத்திருப்பது நல்லது என்பேன். சேவையின் சூழல் சரியாக இருக்கிறதா என்று அது இலவசமாகச் சொல்லிவிடும்.

சூழலில் எஸ்எஸ்ஹெச்சும் அடங்கும். நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் ஒரு கிட் சர்வரோடு நாம் முதன்முறை பேசும்போது, "இந்தச் சாவியை நம்பலாமா?" என்று அது கேட்கும், நாம் 'ஆம்' என்று தட்டிவிட்டு மறந்துவிடுவோம். புதிய பயனருக்கு அந்த நினைவு கிடையாது. கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. ஆகவே இணைப்பு மறுக்கப்படும். சரிபார்ப்பையே அணைத்துவிடும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது. அதைச் செய்ய வேண்டாம். சர்வரின் பொதுச் சாவியை அதன் உரிமையாளர்கள் வெளியிட்டிருக்கும் கைரேகையோடு ஒப்பிட்டு, சேவைப் பயனரின் 'தெரிந்த கணினிகள்' கோப்பில் ஒரு முறை எழுதிவிட்டால் போதும்.

கடவுச்சொற்களை யூனிட் கோப்பின் 'என்விரான்மென்ட்' வரியில் எழுதுவதும் கூடாது. அந்த வரிகளைக் கணினியில் உள்ள எந்தச் சாதாரணப் பயனரும் 'சிஸ்டம்சிடிஎல் ஷோ' கொடுத்துப் பார்த்துவிடலாம். இதற்கென்றே ஜென்கின்ஸில் கிரெடென்ஷியல் சேமிப்பு இருக்கிறது.

ஜென்கின்ஸின் லினக்ஸ் பொதிகள் நீண்ட காலம் பழைய இனிட் ஸ்கிரிப்டை (சேவையைத் தொடங்கும் சிறு நிரலை) வைத்திருந்தன. போர்ட் எண்ணும் ஜாவாவுக்கான நினைவக அளவும் டெபியன் வகைகளில் எட்சி அடைவின் கீழுள்ள 'டிஃபால்ட்' அடைவில் ஒரு கோப்பில் இருக்கும். 2022 மார்ச்சில் வந்த 2.332.1 என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பிலிருந்து பொதிகள் சிஸ்டம்டி யூனிட்டுக்கு மாறின. அந்தப் பழைய கோப்பைத் திருத்தச் சொல்லும் குறிப்புகள் இன்னும் ஏராளமாக உலவுகின்றன. திருத்தினால் பிழைச்செய்தி எதுவும் வராது, பயனும் இருக்காது. இப்போது சரியான வழி 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' மூலம் ஒரு மேலெழுது கோப்பு வைப்பது. பொதியோடு வந்த யூனிட் கோப்பையே நேரடியாகத் திருத்தினால் அடுத்த மேம்படுத்தலில் அது அழிந்துவிடும். மேலெழுது கோப்பு எட்சியில் தனியாக இருப்பதால் பிழைக்கும். அந்தக் கோப்பைக் கிட்டில் வைத்திருங்கள்.

விழுந்தால் எழுப்புவது பற்றி இனி. 'ரீஸ்டார்ட்' வரியில் தோல்வியின்போது எழுப்பு என்று எழுதுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். சிஸ்டம்டியின் இயல்பு வரம்பு, 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க முயன்றால் கைவிட்டுவிடுவது. சிறிய நிரலுக்கு அது பொருந்தும். ஜாவா சர்வர் ஒரு தவறான அமைப்பைக் கண்டு விழுவதற்கே பல விநாடிகள் எடுக்கும். ஆகவே 10 விநாடிக்குள் 5 முறை என்ற எல்லையை அது தொடுவதே இல்லை. இரவு முழுக்க விழுந்தும் எழுந்தும் பதிவுகளை நிரப்பிக்கொண்டிருக்கும். காலவெளியைச் சில நிமிடங்களாக விரித்துவிட்டால், சில முயற்சிகளுக்குப் பிறகு நின்று 'தோல்வி' என்று அறிவிக்கும். நின்றுபோன சேவையைக் கண்காணிப்புக் கருவி கண்டுபிடிக்கும். விழுந்து விழுந்து எழும் சேவை பல கண்காணிப்புகளின் கண்ணில் படாமல் தப்பிவிடும்.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு தொல்லை உண்டு. ஜென்கின்ஸின் யூனிட் 'நோட்டிஃபை' வகையைச் சேர்ந்தது. அதாவது, "நான் தயார்" என்று சர்வரே சொன்ன பிறகுதான் சேவை தொடங்கியதாக சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் காத்திருக்கும் இயல்பு நேரம் 90 விநாடிதான். செருகுநிரல்களும் பழைய பில்ட் பதிவுகளும் பெருகிய சர்வர் அதற்குள் தயாராகாமல் போகலாம். அப்போது நன்றாக எழுந்துகொண்டிருக்கும் சர்வரை சிஸ்டம்டியே நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கும். பார்ப்பவருக்கு ஜென்கின்ஸ் பழுதாகிவிட்டதாகத் தோன்றும். தொடக்கக் கால வரம்பைக் கூட்டி எழுதுவதே தீர்வு. நிறுத்தும்போது 143 என்ற வெளியேறு எண்ணைக் கண்டும் பதற வேண்டாம். 128-உடன் டெர்ம் சமிக்ஞையின் எண்ணான 15-ஐக் கூட்டினால் வருவது அது; ஜாவா முறையாக நிறுத்தப்பட்டதற்கான அடையாளம்.

எனக்கு மிகுந்த கவலை தரும் இடம் தரவு அடைவு. ஜென்கின்ஸின் வேலைகள், அமைப்புகள், வரலாறு அனைத்தும் ஜென்கின்ஸ் ஹோம் என்ற ஒரே அடைவில் இருக்கின்றன. வட்டு நிரம்பிவிடும் என்று அதைத் தனி வட்டில் வைப்பது நல்ல பழக்கம். மறுதொடக்கத்தின்போது அந்த வட்டு ஏற்றப்படுவதற்கு முன்பே சேவை எழுந்துவிட்டால் என்ன ஆகும்? அது காணும் அடைவு காலியாக இருக்கும். காலி அடைவைக் கண்ட ஜென்கின்ஸ் தன்னைப் புதிதாக நிறுவப்பட்டதாக எண்ணி, முதல் முறை அமைக்கும் பக்கத்தைக் காட்டும். காலையில் வந்து பார்க்கும் குழுவுக்கு எல்லா வேலைகளும் மறைந்துபோன காட்சி. தரவு உண்மையில் பத்திரமாகவே இருக்கிறது, ஆனால் அந்தப் பதற்றத்தில் யாராவது அமைப்பைப் புதிதாகச் செய்யத் தொடங்கிவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகும். யூனிட் கோப்பில் 'ரிக்வையர்ஸ் மவுன்ட்ஸ் ஃபார்' என்ற வரியில் அந்த அடைவின் பாதையைக் கொடுத்துவிட்டால், வட்டு ஏறாமல் சேவை எழாது. ஒரே ஒரு வரி. அதை எழுதாமல் தனி வட்டு வைக்காதீர்கள்.

சேவையாக ஓடும்போது பில்டுகளின் பிராசஸ்களும் சேவையின் கட்டுப்பாட்டுக் குழுவுக்குள்தான் பிறக்கின்றன. இதன் விளைவுகளைப் பலர் யோசிப்பதில்லை. சேவையை நிறுத்தினால், இயல்பான 'கில்மோட்' அமைப்பில் அந்தக் குழுவிலுள்ள அத்தனை பிராசஸும் நிறுத்தப்படும், பாதியில் இருக்கும் பில்ட் உட்பட. ஆகவே பராமரிப்புக்கு நிறுத்துமுன், ஜென்கின்ஸின் 'நிறுத்தத்துக்குத் தயாராகு' வசதியால் புதிய பில்டுகளைத் தடுத்து, ஓடுபவை முடியக் காத்திருப்பதுதான் முறை. இரண்டாவது விளைவு இன்னும் நுட்பமானது. நினைவகம் தீர்ந்து கெர்னல் ஒரு கம்பைலர் பிராசஸைக் கொன்றால், பாதிக்கப்பட வேண்டியது அந்த ஒரு பில்ட் மட்டும்தான். ஆனால் சிஸ்டம்டி 243-ஆம் பதிப்பிலிருந்து வந்த ஓஓஎம் (நினைவகம் தீர்ந்த நிலை) கொள்கையின் இயல்பு மதிப்பு 'ஸ்டாப்'. குழுவில் ஒரு பிராசஸ் அப்படிக் கொல்லப்பட்டாலே முழுச் சேவையும் நிறுத்தப்படும். யாரோ ஒருவருடைய கிளையில் நடந்த பேராசை பிடித்த ஒரு கம்பைல், எல்லோருடைய சர்வரையும் இழுத்துக்கொண்டு விழும்.

'கன்டினியூ' என்று மாற்றினால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். என் கருத்தில் சரியான விடை, மைய சர்வரில் பில்டே ஓடக் கூடாது என்பது. ஒரே நேரத்தில் எத்தனை பில்ட் ஓடலாம் என்று சொல்லும் அதன் எக்ஸிகியூட்டர் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி, பில்டுகளை ஏஜென்ட் கணினிகளுக்கு அனுப்ப வேண்டும். பாதுகாப்புக் காரணமும் இதனோடு சேர்கிறது. மைய சர்வரில் ஓடும் பில்ட், அதே பயனராக ஓடுவதால், ஜென்கின்ஸ் ஹோமில் உள்ள ரகசியச் சாவிகளைப் படிக்க முடியும்.

ஏஜென்ட்களும் சேவைகளாகவே இருக்க வேண்டும். பில்டுகளை ஓட்டும் ஏஜென்ட்களான கிட்லேப் ரன்னரிலும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ரன்னரிலும் அதற்கென்று ஆயத்தக் கட்டளைகள் உள்ளன. கிட்ஹப் ரன்னர் ஒரு சுவாரசியமான சமரசம் செய்கிறது. அமைக்கும் நேரத்தில், அமைப்பவரின் பாத் மாறியை ஒரு கோப்பில் பதிந்து வைத்துக்கொண்டு, பிறகு சேவையாக ஓடும்போது அதையே பயன்படுத்துகிறது. வசதிதான். ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒரு புதிய கருவியை நிறுவி உங்கள் பாத்தில் சேர்த்தால் ரன்னருக்கு அது தெரியாது. பதிந்து வைத்த பழைய பாத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். மனிதரின் நிழல் போகவில்லை, ஒரு தேதியோடு உறைந்துவிட்டது. அந்தக் கோப்பை நானே கையால் எழுதி, தேவையானவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

விண்டோஸில் சிக்கலின் முகம் வேறு. விஸ்டாவிலிருந்து எல்லாச் சேவைகளும் 0 என்ற தனி அமர்வில் ஓடுகின்றன. பயனரின் திரை அங்கே இல்லை. சாளரத்தைத் திறந்து பொத்தானை அழுத்திப் பார்க்கும் சோதனைகள் அங்கே வேலை செய்யாது. பயனர் லாகினில் இணைத்த பகிர்வு வட்டுகளின் டிரைவ் எழுத்துகளும் தெரியாது, முழு வலையமைப்புப் பாதையைக் கொடுக்க வேண்டும். 'லோக்கல் சிஸ்டம்' கணக்கில் ஓடவிட்டால் அந்தக் கணினியில் மட்டற்ற அதிகாரம் கிடைக்கும். அதைத் தவிர்த்து, சேவையாக லாகின் செய்யும் உரிமை மட்டும் கொடுத்த தனிக் கணக்கை உருவாக்குங்கள். சாதாரண நிரலை அப்படியே சேவையாகப் பதிந்தால், சேவை மேலாளரின் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் அது 1053 பிழையில் விழும். இதற்காகவே கவாகுச்சி வின்எஸ்டபிள்யூ என்ற சிறு உறையை எழுதினார். மேலாளரோடு அது பேசும். நம் நிரலை அது ஓட்டும்.

மேக்கில் நான் என் கொள்கையைத் தளர்த்திக்கொள்கிறேன். மேக்கின் சேவை மேலாளரான லாஞ்ச்டியில் டீமன் என்பது யாரும் உள்நுழையாமலே ஓடும், ஏஜென்ட் என்பது ஒரு பயனரின் அமர்வுக்குள் ஓடும். ஐஃபோன் சிமுலேட்டருக்குத் திரை அமர்வு வேண்டும், கையொப்பச் சாவிகள் பயனரின் கீசெயினில் பூட்டியிருக்கும். ஆகவே பில்டுக்கென்றே ஒரு பயனரை உருவாக்கி, தானாக உள்நுழைய வைத்து, ஏஜென்டாக ஓட்டுவதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. அந்தக் கணக்கை எந்த மனிதரும் தன் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற ஒரு நிபந்தனையில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு ஒரு சோதனை உண்டு. கணினியை மறுதொடக்கம் செய்கிறேன். எஸ்எஸ்ஹெச் வழியாகவும் உள்ளே போவதில்லை, ஏனென்றால் பயனர் நிலைச் சேவையாகத் தவறி அமைக்கப்பட்டிருந்தால் நம் லாகினே அதை எழுப்பிவிட்டு நம்மை ஏமாற்றும். என் மடிக்கணினியிலிருந்து ஒரு சிறு கமிட்டை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன். பச்சை வந்தால் மட்டும் திருப்தியடைவதில்லை. ஒவ்வொரு பில்டின் முதல் வரிகளிலும் பயனர் பெயர், பாத், லொகேல், கருவிகளின் பதிப்புகள் ஆகியவற்றை அச்சிட வைத்திருப்பேன். மறுதொடக்கத்துக்கு முந்தைய பில்டின் அந்த வரிகளையும் இந்தப் பில்டின் வரிகளையும் ஒப்பிடுகிறேன். ஓர் எழுத்து மாறியிருந்தாலும், அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து யூனிட் கோப்பில் எழுதிய பிறகே அந்த சர்வரைக் குழுவிடம் ஒப்படைக்கிறேன்.